கிரகணத்துக்கு நாலு மாசம் முன்னாடி

எங்க ஊர் திருவாமாத்தூர். விழுப்புரத்துக்குப் பக்கத்துல, டவுன் பஸ்ல போயிடலாம். அபிராமேசுவரர் கோயில், பாடல் பெற்ற தலம். ஊர்ப் பேர்லயே 'ஆ' இருக்கு, அதாவது பசு. தலபுராணம் என்ன சொல்லுதுன்னா, ஆதியில பசுக்கள் கொம்பில்லாம பிறந்துச்சாம். மத்த மிருகம் வந்து அடிச்சா தற்காத்துக்க வழியில்ல. நந்தியும் காமதேனுவும் இங்க வந்து தவமிருந்து சிவன்கிட்ட கொம்பு வாங்கிக்கிட்டுப் போச்சுங்களாம்.

சின்ன வயசுல ஆயா சொல்லிக் கேட்ட கதை. இப்ப யோசிச்சா, எங்க ஊர்ப் புராணமே ஒரு பிறவிக் குறையைப் பத்தின கதைதான். (கொம்பில்லாம பிறக்கிற மாடு நிஜத்துலயும் உண்டு. மாட்டோட முதலாம் குரோமோசோம்ல இருக்கிற ஒரு சின்ன மாற்றம் அது. வெளிநாட்டுப் பண்ணைக்காரங்க அதையே தேடிப் பிடிச்சு வளர்க்கறாங்க, குத்தாதுன்னு!) புராணத்துல எனக்குப் பிடிச்ச விஷயம், கன்னுக்குட்டிக்குக் கொம்பில்லன்னு யாரும் தாய்ப்பசுவைக் குத்தம் சொல்லல.

ஊர் அப்படி இல்ல.

2010 ஜனவரி 15. நான் ஏழாவது படிச்சுட்டு இருந்தேன். மாட்டுப் பொங்கல். அன்னைக்குன்னு பார்த்து சூரிய கிரகணம். கன்னியாகுமரி, ராமேஸ்வரம் பக்கம் வளையமாத் தெரிஞ்சுது; எங்க ஊர்ல வளையம் இல்ல, ஆனா முக்காவாசிக்கு மேல மறைஞ்சு பட்டப்பகல்ல வெயில் மங்கிப் போச்சு. எதிர்வீட்டு அக்காவுக்கு அப்ப அஞ்சு மாசம். எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்க, கொட்டகையில மாடு கத்துதேன்னு அக்கா ஒரு நிமிஷம் வெளிய போய்த் தண்ணி காட்டிட்டு வந்துச்சு. அதைத் தெருவே பார்த்துச்சு.

மே கடைசியில குழந்தை பிறந்துச்சு. மண்டையோட்டோட மேல்பகுதி இல்ல. சில மணி நேரம்தான் இருந்துச்சு. எங்களையெல்லாம் பார்க்க விடல. ஆனா தெருவுல என்ன பேசினாங்கன்னு கேட்டேன். 'கிரகணத்துல வெளிய போனா இல்ல?' ஒரே வரி. பல வருஷம் அக்கா காது படவே சொன்னாங்க.

நான் மென்பொருள் எழுதற ஆள், டாக்டர் இல்ல. ஆனா எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது உடைஞ்சா, முதல்ல எப்ப உடைஞ்சுதுன்னு பார்ப்போம். யார் உடைச்சாங்கன்றது அப்புறம். இந்தக் கேஸ்ல நேரம் தெளிவா இருக்கு. அதைப் புரிஞ்சுக்க நான் போன வழி நேரா குன்னூர்ல போய் நின்னுச்சு. அந்தக் கதைதான் இது.

அக்கா குழந்தைக்கு வந்தது அனென்செஃபலி. கரு உருவாகி மூணாவது வாரத்துல அதோட முதுகுப்பக்கம் தட்டையா ஒரு தகடு இருக்கும். அதோட ரெண்டு ஓரமும் எழும்பி, மடிஞ்சு, நடுவுல ஒட்டிக்கும். தீபாவளிக்கு சோமாசி செய்யறப்ப மாவை மடிச்சு ஓரத்தை அழுத்தி ஒட்டுவோமே, அப்படி. அதுதான் நரம்புக்குழாய். பின்னாடி மூளையாவும் தண்டுவடமாவும் ஆகப்போறது அதுதான். தலைப்பக்கம் இருபத்தஞ்சாவது நாள் வாக்கில மூடும், கீழ்ப்பக்கம் இருபத்தெட்டாவது நாள் வாக்கில. மேல ஒட்டாம போனா அனென்செஃபலி, கீழ ஒட்டாம போனா ஸ்பைனா பிஃபிடா. அதுக்கப்புறம் திரும்பப் போய் ஒட்டவைக்கிற வாய்ப்பு உடம்புக்குக் கிடையாது.

மே கடைசியில நிறைமாசம்னா கரு உண்டானது முந்தின வருஷம் செப்டம்பர் ஆரம்பத்துல. குழாய் மூடியிருக்க வேண்டியது செப்டம்பர் முடியறதுக்குள்ள. கிரகணம் ஜனவரி 15. அந்தக் குழந்தையோட தலை, சந்திரன் சூரியனை மறைக்கறதுக்கு மூணரை மாசம் முன்னாடியே முடிவாயிடுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டி முடிச்ச வீட்ல விரிசல் இருந்தா புது மருமக மேல பழி போடற மாதிரிதான் இது. (அதையும் செய்வாங்கதான்.)

சரி, அந்த நாலு வாரத்துல என்ன தப்பா போகலாம்? இதைக் கண்டுபிடிக்க மனுஷங்களுக்கு ஒரு நூற்றாண்டு ஆச்சு, அதுல ஒரு முக்கியமான பகுதி நம்ம நீலகிரியில நடந்துச்சு.

குன்னூர்ல 1907-ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் திறந்தாங்க, வெறிநாய்க்கடி ஊசிக்காக. அங்க 1918 வாக்கில ஒரே ஒரு அறையில பெரிபெரி ஆராய்ச்சின்னு உட்கார்ந்தவர் ராபர்ட் மெக்காரிசன், வட அயர்லாந்துக்காரர், ராணுவ டாக்டர். அதுக்கு முன்னாடி அவர் இப்போதைய பாகிஸ்தான் பக்கத்துல கில்கிட், சித்ரால் மலைப் பள்ளத்தாக்குகள்ல இருந்தார். அந்த ஊர்கள்ல பாதிப் பேருக்குக் கழுத்துல கழலை. கூடவே காது கேக்காத, பேச்சு வராத, நடை சரியில்லாத, அறிவு வளராத குழந்தைங்க. கிரெட்டினிசம்னு பேர். அப்படி இருநூறு பேருக்கு மேல பார்த்து 1908-ல் 'லான்செட்' இதழ்ல எழுதினார். அதுல ரெண்டு வகை இருக்கு, நரம்பு மண்டலம் அடிபட்டது ஒண்ணு, தைராய்டு சுரக்காம உடம்பே குறுகிப்போனது இன்னொண்ணுன்னு பிரிச்சார். அந்தப் பிரிவை இன்னைக்கும் பாடப்புத்தகத்துல வெச்சிருக்காங்க.

ஆனா காரணத்தைத் தப்பாப் பிடிச்சார் மனுஷன். ஒரே வாய்க்கால் தண்ணியைக் குடிக்கிற வரிசையான கிராமங்கள். மேல இருக்கிற ஊர்ல சுமார் 12 சதவீதம் பேருக்குக் கழலை, கீழ இறங்க இறங்கக் கூடி, கடைசி ஊர்ல சுமார் 45 சதவீதம். அப்ப தண்ணியில சேர்ற அசுத்தம்தான், ஏதோ கிருமிதான்னு முடிவு பண்ணிட்டார். அதை நிரூபிக்க அந்தத் தண்ணியோட கசண்டை வடிகட்டித் தானே குடிச்சார்! கழுத்தும் கொஞ்சம் வீங்குச்சு. நம்ம ஆளுங்க பாதிப் பேர் பண்ற தப்பை விட மரியாதையான தப்பு. அசுத்தம் கழலையைக் கொஞ்சம் கூட்டலாம், ஆனா அடிப்படைக் காரணம் அது இல்ல. மலை மண்ணுல அயோடின் இல்ல. மழையும் பனியும் பல்லாயிரம் வருஷமா அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேணும். வயித்துல இருக்கிற குழந்தைக்கு முதல் சில மாசம் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவோட ஹார்மோன்தான் மூளையை வளர்க்குது. அம்மாகிட்டயே இல்லன்னா?

மெக்காரிசன் குன்னூர்ல கட்டினது பெரிசு. அந்த ஒரு அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் ஆச்சு. 1958-ல் அது ஹைதராபாத்துக்குப் போய், இப்ப தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. குன்னூர்ல இருந்தப்ப அங்க வந்து போன ரெண்டு பேர்தான் நம்ம கதைக்கு முக்கியம்.

முதல் ஆள் லூசி வில்ஸ். 1888-ல் பிறந்த ஆங்கிலேயப் பெண். கேம்பிரிட்ஜ்ல தாவரவியலும் நிலவியலும் படிச்சு, அப்புறம் மருத்துவம் படிச்சவங்க. 1928-ல் பம்பாய்க்கு வந்தாங்க. பஞ்சாலைகள்ல வேலை செய்யற கர்ப்பிணிகள் நிறையப் பேர் ஒரு விசித்திரமான ரத்தசோகையில செத்துக்கிட்டு இருந்தாங்க. சாதாரண இரும்புச்சத்துக் குறை இல்ல. ரத்த அணு சின்னதாகறதுக்குப் பதிலா பெரிசா ஊதிப்போன சோகை. ஏன்? வில்ஸ் அவங்க வீடு, கக்கூஸ், சாப்பாடுன்னு எல்லாத்தையும் போய்ப் பார்த்தாங்க. 1929 கோடையில குன்னூருக்கு வந்து, மெக்காரிசன் கூடத்துல எலிகளுக்கு அந்தப் பெண்களோட சாப்பாட்டையே கொடுத்தாங்க. சினை எலிகளுக்குச் சோகை வந்துச்சு, குட்டி போடறதுக்குள்ள செத்துச்சு. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தா பிழைச்சுது. (பின்னாடி பார்த்தா, எலிப்பேன் பரப்பின ஒரு கிருமியும் அந்தச் சோகைக்குப் பாதிக் காரணம்னு தெரிஞ்சுது. சோதனைச் சூழலே பிழையா இருந்தும் சரியான விடை வந்த கேஸ்!) அப்புறம் குரங்குகள், அப்புறம் பெண்கள். மருந்து என்ன தெரியுமா? மார்மைட். வெள்ளைக்காரங்க ரொட்டியில தடவிச் சாப்பிடற, நம்மாளுங்க மோந்து பார்த்தாலே ஓடற அந்தக் கறுப்புக் குழம்பு. விலை குறைவு. 1931-ல் வெளியிட்டாங்க. அதே வருஷ ஆரம்பத்துல அவங்க வேலை பார்த்தது சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில, இப்ப கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.

மார்மைட்ல இருந்த அந்தப் பேர் தெரியாத பொருளை 'வில்ஸ் காரணி'ன்னு சொன்னாங்க. 1941-ல் அமெரிக்காவுல டன் கணக்குல பசலைக்கீரையைப் பிழிஞ்சு எடுத்து ஃபோலிக் அமிலம்னு பேர் வெச்சாங்க, இலைன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லிலிருந்து. 1945-ல் அதை ஆய்வுக்கூடத்துல செயற்கையா தயாரிச்ச லெடர்லி குழுவுக்குப் பின்னாடி இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்துல பிறந்தாலும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிப் பையன்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில கதர்ல தச்ச அறுவை உடுப்பைப் போட்டுக்கிட்டுப் போனதால பேராசிரியர் கடுப்பாகி, முழு பட்டம் கிடைக்காம எல்.எம்.எஸ். சான்றிதழோட வெளிய வந்தவர். லூசி வில்ஸ் தேடின பொருளைச் செஞ்சு காட்டினவர், அவங்க வேலை பார்த்த ஆஸ்பத்திரி இருக்கிற அதே பேட்டையில படிச்சவர். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல அங்க இல்ல. சுப்பாராவ் அதுக்கு ஏழெட்டு வருஷம் முன்னாடியே கப்பல் ஏறிட்டார்.

இங்கதான் கதை திரும்புது. சுப்பாராவ் குழு ஃபோலிக் அமிலத்துக்கு எதிரியையும் செஞ்சாங்க: அமினாப்டெரின். பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும், வேலை செய்யாது. செல் ஏமாந்துபோய் டிஎன்ஏ செய்ய முடியாம நின்னுடும். பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் அதைக் கொடுத்து ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமா நோய் தணிஞ்சதை 1948-ல் காட்டினார். கீமோதெரபியோட தொடக்கமே அதுதான்னு சொல்லலாம். அப்புறம் 1952-ல் தியர்ஷ்ன்னு ஒரு டாக்டர், கர்ப்பத்தைத் தொடர முடியாத நோயாளிகளுக்குக் கருக்கலைப்பு மருந்தா அமினாப்டெரினைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கலையல. அந்தக் கருக்கள்ல மூளையும் மண்டையும் சிதைஞ்சு இருந்துச்சு. ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தா தலை மூடாது. ஒரு வேதிப்பொருள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லிடுச்சு.

கேட்கறதுக்கு ஆள் வேணுமே. லூசி வில்ஸ் 1964-ல் இறந்தாங்க. அடுத்த வருஷம் லிவர்பூல்ல ஹிப்பர்ட், ஸ்மிதெல்ஸ் ரெண்டு பேரும், குறையோட பிறந்த குழந்தைகளோட அம்மாக்களுக்கு ஃபோலேட் கோளாறு அதிகமா இருக்குன்னு எழுதினாங்க. ஸ்மிதெல்ஸ் அப்புறம் விட்டமின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். நல்ல பலன். ஆனா ஒப்பிட வெத்து மாத்திரை கொடுக்கற சோதனைக்கு நெறிமுறைக் குழுக்கள் அனுமதிக்கல. அதனாலயே முடிவை நம்ப மாட்டோம்னு பாதிப் பேர் சொன்னாங்க. கடைசியில பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பெரிய சோதனை வெச்சுது: 7 நாடு, 33 மையம், ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையை இழந்த 1,817 பெண்கள். முடிவு தெரிஞ்ச கர்ப்பங்கள்ல மொத்தம் 27 குழந்தைக்குக் குறை. ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவங்க பக்கம் 6, சாப்பிடாதவங்க பக்கம் 21. 1991-ல் சோதனையைப் பாதியில நிறுத்தினாங்க, இதுக்கு மேல கொடுக்காம இருக்கறது பாவம்னு. இந்தியாவுல ஐசிஎம்ஆர் நடத்திட்டு இருந்த இதே மாதிரி சோதனையையும் அதைப் பார்த்து நிறுத்தினாங்க.

கணக்கு போட்டா, குன்னூர் எலியிலிருந்து அந்த முடிவு வர 62 வருஷம்.

அந்த 6-ஐயும் கவனிக்கணும். மாத்திரை சாப்பிட்டும் 6 பேருக்கு வந்துச்சு. எல்லாமே ஃபோலேட் இல்ல. வலிப்புக்குக் கொடுக்கற வால்ப்ரோவேட் மருந்துக்கும் ஸ்பைனா பிஃபிடாவுக்கும் தொடர்பு இருக்குன்னு 1982-ல் பிரான்ஸ்ல லியான் நகரத்துலேர்ந்து சொன்னாங்க (அதுக்காக யாரும் வலிப்பு மாத்திரையை டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க, அது இன்னும் ஆபத்து). சர்க்கரை நோயும் ஒரு காரணம். மரபணுவும் உண்டு. ஃபோலேட்டைப் பயன்படுத்தற ஒரு நொதியோட மரபணுவுல சின்ன எழுத்து மாறியிருந்தா, அதே சாப்பாட்டுல அவங்களுக்கு மட்டும் பத்தாம போகும்.

அக்கா கட்டினது அத்தை பையனை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி அதுதானாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 28 சதவீதப் பெண்கள் சொந்தத்துல கட்டினவங்க. ரெண்டு பேரும் ஒரே பழுதான மரபணுவை ஒரே தாத்தா-ஆயாகிட்டேர்ந்து வாங்கியிருக்கிற வாய்ப்பு அதிகம். தலை சிறுத்துப் பிறக்கிற நோய் ஒண்ணுக்குக் காரணமான ஏஎஸ்பிஎம் மரபணுவை 2002-ல் கண்டுபிடிச்சது, இப்படிச் சொந்தத்துல கட்டின பாகிஸ்தானியக் குடும்பங்களை வெச்சுதான். ஆனா அனென்செஃபலி அப்படி ஒரே மரபணுவுல அடங்கற விஷயம் இல்ல. அக்காவுக்கு எதனால ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாது, யாராலயும் முடியாது. எதனால ஆகலைன்னு மட்டும் தேதியோட சொல்ல முடியும். தெருவுல சொந்தக் கல்யாணத்தை யாரும் வாய் திறந்து சொல்லல பாருங்க. அதைச் சொன்னா எல்லார் வீட்டுக்கும் வரும்.

குன்னூருக்கு வந்த ரெண்டாவது ஆள் வி.ராமலிங்கசாமி. ஸ்ரீகாகுளத்துக்காரர். 1947-லேர்ந்து சில வருஷம் அந்தக் கூடத்துல வேலை பார்த்துட்டு டெல்லிப் பக்கம் போனார். 1956-ல் இமாசலத்துல காங்க்ரா பள்ளத்தாக்குல ஒரு லட்சம் பேர் அளவுக்கு மூணு பகுதியாப் பிரிச்சு, ரெண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, ஒண்ணுக்கு வெறும் உப்பு கொடுத்தாங்க. அஞ்சாறு வருஷத்துல அயோடின் சாப்பிட்ட பக்கம் கழலை இறங்கிடுச்சு. மெக்காரிசன் தவறவிட்ட விடையை அவர் கட்டின கூடத்துலேர்ந்து போன ஆள் உப்புல வெச்சு நிரூபிச்சார். 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்துச்சு. மூளை விஷயத்துல இன்னும் அழுத்தமான சாட்சி பப்புவா நியூ கினியில கிடைச்சுது. 1966-லேர்ந்து அங்க மலைக்கிராமங்கள்ல அயோடின் எண்ணெய் ஊசி போட்டாங்க. கர்ப்பத்துக்கு முன்னாடியே போட்டுக்கிட்டவங்களுக்குக் கிரெட்டினிசக் குழந்தை பிறக்கறது கிட்டத்தட்ட நின்னுடுச்சு. உண்டான பிறகு போட்டா லேட். இங்கயும் அதே கதை: முன்னாடியே இருக்கணும்.

'நாம கடலோரம்தானே, நமக்கெதுக்கு?'ன்னு கேக்கலாம். எங்க மாவட்டத்துலயே மரக்காணத்துல ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளம். ஊருக்குள்ள கல்லுப்பு கொண்டாந்து படியில அளந்து போடுவாங்க. கடல் உப்புன்னா அயோடின் இருக்கும்னு நானும் ரொம்ப நாள் நம்பினேன். பேருக்குத்தான் இருக்கும், காய்ஞ்ச உப்புல தேவைக்கு நிக்காது. கலந்தாத்தான் உண்டு, அதுவும் பத்து லட்சத்துல முப்பது பங்கு. 2018-19 கணக்கெடுப்புல போதுமான அயோடின் உள்ள உப்பைச் சாப்பிடற வீடுகள் நாட்டுல 76.3 சதவீதம். எல்லா மாநிலத்துலயும் கடைசி யாரு? தமிழ்நாடு, 61.9. நாட்டுக்கு உப்பு காய்ச்சிப் போடற மாநிலங்கள்ல ஒண்ணு! இப்ப என் ஆபீஸ்ல பாதிப் பேர் இமயமலை உப்புன்னு ரோஸ் கலர்ல வாங்கறாங்க. இமயமலைதான் கழலையோட தலைநகரம்னு சொன்னா முறைக்கறாங்க :-)

ஃபோலிக் அமிலம் கதைக்கு வர்றேன். அமெரிக்காவுல 1998-லேர்ந்து மாவுலயே கட்டாயமாக் கலக்கறாங்க. ஏன்னா மாத்திரையா கொடுத்தா நேரத்துக்குப் போய்ச் சேராது. நாள் தள்ளிப்போய், பத்து நாள் பார்த்து, சோதிச்சு, ஆஸ்பத்திரி போய் அட்டை போட்டு மாத்திரை வாங்கறதுக்குள்ள அந்த சோமாசி மூடியாச்சு, இல்ல மூடாம போயாச்சு. தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு ஒரு மாசம் முன்னாடிலேர்ந்து. ஏற்கெனவே ஒரு குழந்தையை இப்படி இழந்தவங்களுக்கு இதுக்குப் பத்து மடங்கு, டாக்டர் எழுதித்தான். நம்ம நாட்டுல 2021-ல் செறிவூட்டப்பட்ட அரிசி அறிவிச்சு 2024 மார்ச்சுக்குள்ள ரேஷனுக்குக் கொண்டுவந்தாங்க. நல்லது. ஆனா விதிப்படி ஒரு கிலோவுல ஃபோலிக் அமிலம் 75-லேர்ந்து 125 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டா கிடைக்கறது முப்பதைச் சுத்தித்தான். கீரை, பயறுல மீதி வரணும், அதுவும் ரொம்ப வேக வெச்சா போயிடும். பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்கு வாரம் ஒண்ணு கொடுக்கற நீல மாத்திரையில 500 மைக்ரோகிராம் இருக்கு. வாந்தி வருதுன்னு ஜன்னல் வழியா எறியற மாத்திரை அது. எங்க வகுப்புப் பொண்ணுங்க எறிஞ்சதுக்கு நான் சாட்சி. அது எதுக்குன்னு எங்க யாருக்கும் ஒருத்தரும் சொல்லல.

அக்காவுக்கு அப்புறம் ரெண்டு குழந்தைங்க. ரெண்டுக்கும் முன்னாடியே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். பெரியவ இப்ப எட்டாவது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கலன்னைக்கு அக்கா கொட்டகையில மாட்டுக் கொம்புக்கு நீலப் பெயின்ட் அடிச்சுட்டு இருந்துச்சு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, "அக்கா, அந்த முதல் குழந்தை... கிரகணத்தால இல்லக்கா"ன்னேன். பிரஷ்ஷை வெச்சுட்டுப் பார்த்துச்சு. தலை மூடற கணக்கை மாசம் வெச்சுச் சொன்னேன். அக்கா விரல் விட்டு எண்ணுச்சு. தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி.

"புரட்டாசியிலயேவாடா?"

"ஆமாக்கா. புரட்டாசி பாதிக்குள்ள."

"அப்ப எனக்கே தெரியாதேடா. நாள் தள்ளினதை ஐப்பசியிலதான அம்மாகிட்ட சொன்னேன்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி, "இங்க வாடி, தம்பி என்னமோ சொல்றான், வந்து கேளு"ன்னு மகளைக் கூப்பிட்டுச்சு.